கூண்டும் இறக்கையும்

ஸ்பிரின்ட் காருக்குச் சாவி கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச், கியர்பாக்ஸ் எதுவும் இல்லை. பந்தயத்துக்கு முன் ஒரு பிக்கப் வண்டி பின்னாலிருந்து முட்டிக் காரைத் தடத்தில் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டுநர் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்திருப்பார். முள் ஏறியதும் மேக்னெட்டோ சுவிட்சைத் தட்டுவார். 410 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது 6.7 லிட்டர், உள்ள வி8 எஞ்சின் ஒரே உறுமலில் விழித்துக்கொள்ளும். 900 குதிரைத்திறனுக்கு மேல் தரும் அந்த எஞ்சின் இழுக்க வேண்டிய எடை, ஓட்டுநரையும் சேர்த்து, ஏறத்தாழ 650 கிலோதான். ஒரு கிலோவுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் ஃபார்முலா ஒன் கார்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது இந்த வண்டி. ஓடுவதோ பெரும்பாலும் அரை மைல் சுற்றுள்ள களிமண் தடத்தில்.

பார்வைக்கு இது 1930களின் கார். எஞ்சின் முன்னால் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒற்றைத் துண்டு அச்சு. எரிபொருளைச் செலுத்துவது கணினி இல்லாத வெறும் இயந்திரப் பம்பு. ஆனால் அந்தப் பழைய உருவத்துக்குள் ஒவ்வொரு பாகமும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் கார் கட்டியவர்களுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு விதிப் புத்தகத்துக்கும் உண்டு. ஒரு விதி எதைத் தடுக்க வந்ததோ அதைத் தடுக்கும். கூடவே, எழுதியவர் நினைத்தே பார்க்காத ஒரு வாசலையும் திறந்துவிடும். உயிரைக் காக்க வந்த ஒரு விதி இந்தக் கார்களை எப்படி வேகமாக்கியது என்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் கொஞ்சம் பூர்வகதை.

அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் மாவட்டம்தோறும் ஆண்டுக்கொரு வேளாண் கண்காட்சி நடக்கும். அந்தத் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்காக அமைத்த நீள்வட்ட மண் தடங்கள் இருந்தன. கார் வந்ததும் குதிரை ஓடிய இடத்தில் கார் ஓடியது. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில், இன்று இந்தப் பந்தயத்தின் தலைநகர் என்று கொண்டாடப்படும் ஊர். அதன் தடமும் மேரியன் மாவட்டக் கண்காட்சித் திடலுக்குள்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களில் வசதியுள்ளவர்கள் ஆஃபன்ஹவுசர் எஞ்சின் வைத்தார்கள். மற்றவர்கள் பழைய ஃபோர்டு வி8 எஞ்சினைச் செதுக்கிச் சீர்செய்து வைத்தார்கள். 1955-ல் ஷெவர்லே நிறுவனம் 265 கன அங்குலத்தில் சிறிய, இலேசான, விலை மலிந்த ஒரு வி8 எஞ்சினைக் குடும்பக் கார்களுக்காக வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது பழைய இரும்புக் கடைகள் வரை வந்து சேர்ந்தது. கையால் வடித்த ஆஃபன்ஹவுசரை வீழ்த்தியது அந்தக் கடை எஞ்சின்தான். இன்றைய 410 எஞ்சினின் அலுமினிய உடலில் ஷெவர்லே தொழிற்சாலையில் செய்த ஒரு திருகுகூட இல்லாமலிருக்கலாம். ஆனாலும் அதன் அமைப்பு அந்த 1955 எஞ்சினின் வழிவந்தது.

அதே 1955-ல், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் பார்வையாளர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பின், அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் பந்தயம் நடத்துவதையே கைவிட்டது. அந்த இடத்துக்கு யுசாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆட்டோ கிளப் வந்தது. ஏ.ஜே. ஃபாய்ட், பார்னெல்லி ஜோன்ஸ், மாரியோ ஆன்ட்ரெட்டி எல்லோரும் ஸ்பிரின்ட் கார் ஓட்டி வளர்ந்தவர்கள். அவர்கள் ஓட்டிய கார்களின் படங்களைப் பார்த்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. தலையும் தோளும் கையும் முழுக்க வெளியே தெரியும். தலைக்குப் பின்னால் ஒற்றை வளையம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

1966-ம் ஆண்டு அந்தப் படங்களுக்கு விலை கேட்டது. ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் ரெடிங் தடத்தில் ஜட் லார்சனும் ரெட் ரீகலும் ஒரே விபத்தில் இறந்தார்கள். நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஆஸ்காட் பார்க்கில் டான் பிரான்சனும் டிக் அட்கின்ஸும் ஒரே விபத்தில் இறந்தார்கள். ஒரே பருவத்தில் நான்கு பேர்.

ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாயால் கூண்டு கட்டலாம் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். நாக்ஸ்வில் போன்ற இடங்களில் ஓடிய சூப்பர்மாடிஃபைட் கார்கள் பழைய மூடிய கார்களின் உடலிலிருந்து வந்தவை. தலைக்கு மேல் குழாய் வளைவு அவற்றில் இயல்பாகவே இருந்தது. ஆனால் ஸ்பிரின்ட் கார் உலகம் கூண்டை எளிதில் ஏற்கவில்லை. தீப்பிடித்தால் உள்ளே மாட்டிக்கொள்வோம் என்றார்கள். எடை கூடும், எடை மையம் உயரும் என்றார்கள். கூண்டுக்குள் உட்காருவது வீரனுக்கு அழகில்லை என்ற எண்ணமும் ஓடிக்கொண்டிருந்தது. தீ பற்றிய பயத்தில் நியாயம் இருந்தது. கடைசியாகச் சொன்ன காரணத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அமைப்புக்கு அமைப்பு, தடத்துக்குத் தடம், கூண்டு முதலில் அனுமதிக்கப்பட்டு, பிறகு கட்டாயமானது.

கூண்டு ஏன் வேலை செய்கிறது? உருண்டு புரளும் கார் பார்க்கப் பயங்கரம். உண்மையில் புரள்வதே ஓட்டுநருக்கு உதவுகிறது. நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகும் கார் 40 மீட்டர் தூரம் உருண்டு நின்றால், சராசரி வேகக் குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இரண்டு மடங்குதான். அதே கார் கான்கிரீட் சுவரில் நேரே மோதி அரை மீட்டரில் நின்றால் அது 160 மடங்கைத் தாண்டும். புரளும்போது சக்கரம் கழன்று பறக்கிறது, பம்பர் நசுங்குகிறது, மண் பறிபடுகிறது. ஒவ்வொன்றும் இயக்க ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் ஒவ்வொரு புரளலிலும் ஓட்டுநரின் தலைக்கும் தரைக்கும் நடுவே இடம் மிஞ்ச வேண்டும். ஒற்றை வளையம் மிருதுவான மண்ணில் குத்தி இறங்கிவிடும். நான்கு மூலையும் இணைந்த கூண்டு சுமையைப் பரப்பி, அந்த இடத்தைக் காத்து நிற்கும். அந்தரத்தில் வீசியடிக்கும் கை வெளியே போகாமல் கையையும் வாரால் கட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

இனி அந்த எதிர்பாராத வாசல். 1958-லேயே ஓஹியோவின் கொலம்பஸ் தடத்தில் ஜிம் குஷ்மன் தன் கார்மேல் ஓர் இறக்கையைப் பொருத்தி ஓட்டினார். இந்தப் பந்தயத்தில் இறக்கையைக் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்குத்தான். ஃபார்முலா ஒன் கார்கள் இறக்கை கட்டிக்கொண்டது பத்து ஆண்டு கழித்து, 1968-ல். ஆனால் கூண்டில்லாத காரில் இறக்கையை எதன்மேல் நிறுத்துவது? தனியாகக் கால்கள் நட்டு உயர்த்த வேண்டும், அவை ஆடும், முறியும். கூண்டு கட்டாயமானதும் ஓட்டுநரின் தலைக்கு மேல் உறுதியான ஒரு மேடை கிடைத்துவிட்டது. காரின் எடை மையத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே, தடையில்லாத காற்றில், இறக்கைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உயிர் காக்கக் கட்டிய குழாய்கள் இறக்கையின் தூணாகிவிட்டன.

விமானத்தின் இறக்கையைத் தலைகீழாக மாட்டியதுதான் இது. தூக்குவதற்குப் பதில் அழுத்துகிறது. இன்றைய விதிப்படி மேல் இறக்கையின் பரப்பு 25 சதுர அடி, அதாவது 2.3 சதுர மீட்டர். மூக்கின்மேல் இருக்கும் சின்ன இறக்கை 6 சதுர அடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், ஏற்ற விசைக் குணகத்தை 1 என்று எடுத்துக்கொண்டால், மேல் இறக்கை மட்டும் சுமார் 440 கிலோ எடையளவு காரைத் தரையோடு அழுத்தும். காரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகும், 110 கிலோ. வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுவது இந்த விசையின் குணம். டயருக்கு இதில் இரட்டை லாபம். பிடிப்பு கூடுகிறது, ஆனால் திருப்ப வேண்டிய எடை கூடவில்லை. நாக்ஸ்வில்லின் அரை மைலை 15 நொடியில் சுற்றும் கார், வளைவுகளையும் சேர்த்து, மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வைத்திருக்கிறது. மண் தடத்தில்!

இன்னும் சுவையானது இறக்கையின் இருபுறமும் நிற்கும் அகன்ற பலகைகள். பந்தயம் இடஞ்சுழியாகவே ஓடுகிறது. வளைவில் கார் வழுக்கிக்கொண்டு போகும்போது அதன் மூக்கு உட்புறம் திரும்பியிருக்கும், போகும் திசை சற்று வெளிப்புறம் இருக்கும். அதனால் காற்று நேர் எதிரிலிருந்து வராமல் வலப்பக்கமாக வந்து அந்தப் பலகைகளை அறைகிறது. அறைந்து காரை இடப்புறம், வளைவின் உட்புறம் தள்ளுகிறது. டயர் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் காற்றே செய்து கொடுக்கிறது. இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்த ஓட்டுநரின் கையருகே ஒரு ஹைட்ராலிக் நெம்புகோல் உண்டு. மாலையில் ஈரமாக இருக்கும் தடம் இரவு ஏற ஏறக் காய்ந்து வழுக்கும். பின்புறத் தொட்டியில் எரிபொருளும் குறையும். பின் சக்கரம் பிடி இழப்பதை உணர்ந்து ஓட்டுநர் ஓடிக்கொண்டே இறக்கையைப் பின்னால் தள்ளுவார்.

இறக்கை வந்ததும் காரின் மற்ற பாகங்கள் எல்லாம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. பிடிப்பு அதிகமானதால் பெரிய எஞ்சினைப் பயன்படுத்த முடிந்தது. ஸ்டீயரிங் கனத்துப்போய் பவர் ஸ்டீயரிங் தேவைப்பட்டது. டயர் அகலமாயிற்று. பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. கார் தலைகீழாக விழும்போது முதலில் தரையைத் தொட்டு நசுங்குவது இறக்கைதான். அலுமினியத் தகடு மடிந்து அடியைத் தாங்கிக்கொள்கிறது. வேகத்துக்காக வந்த இறக்கை கூண்டுக்கு மெத்தையாயிற்று.

இதற்கிடையே விதிகள் ஊருக்கு ஊர் வேறாக இருந்தன. பென்சில்வேனியாவில் செல்லுபடியான கார் இண்டியானாவில் செல்லாது. 1978-ல் டெட் ஜான்சன் என்பவர், எந்த அமைப்பின் எல்லைக்கும் கட்டுப்படாமல் பரிசுப் பணத்தைத் தேடி நாடெங்கும் ஓடிய ஓட்டுநர்களைச் சேர்த்து வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் என்ற தொடரை ஆரம்பித்தார். டெக்சாஸின் மெஸ்கீட் ஊரில் டெவில்ஸ் போல் தடத்தில் முதல் பந்தயம். முதல் ஆண்டு பட்டம் ஸ்டீவ் கின்சருக்கு. அடுத்த ஆண்டுகளில் அவர் அதை இன்னும் 19 முறை வென்றார். விதிகளை மதிக்காதவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த இந்தக் கூட்டம்தான் கடைசியில் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. ஒரே கார் டெக்சாஸிலும் ஓட வேண்டும், ஓஹியோவிலும் ஓட வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

பொது விதி வந்ததும் கார் கட்டும் தொழிலே மாறியது. அதுவரை கொட்டகையில் கண் அளவால் சட்டகம் பற்றவைத்தவர்கள் இருந்தார்கள். கன்சாஸின் விச்சிட்டாவில் லாவெர்ன் நான்ஸ், டென்னசியின் ஹென்டர்சன்வில்லில் கேம்ப்ளர் நிறுவனம் போன்றவர்கள், அச்சில் பொருத்திப் பற்றவைத்த சட்டகங்களை வரிசையாகச் செய்து விற்றார்கள். குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய், நிலையான அளவு, வளைந்தால் அதே அளவில் மாற்றுத் துண்டு. வீட்டுக் கொட்டகையில் சட்டகம் கட்டியவனின் தனித்தன்மை இதில் போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. குழாயின் விட்டமும் சுவர்த் தடிமனும் இன்று விதிப் புத்தகத்தில் எண்ணாக எழுதியிருக்கிறது, அளந்து பார்க்க முடிகிறது. கண் அளவை அப்படி அளக்க முடியாது.

எஞ்சினுக்கு 410 கன அங்குலம் என்ற வரம்பு வந்தபோது, கொள்ளளவை நிறுத்தினால் திறனும் நிற்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நிற்கவில்லை. திறன் என்பது முறுக்கு விசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. கொள்ளளவைத் தொடக்கூடாது என்றால் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளுக்கு மேல் சுழற்றுவோம் என்று கிளம்பினார்கள். காற்று புகும் வழியை அகலப்படுத்தினார்கள், பாகங்களை இலேசாக்கினார்கள். மெத்தனாலும் துணை நின்றது. ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 15 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும். ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் இரு மடங்குக்கு மேல் எரிபொருளை ஊற்ற வேண்டியிருக்கிறது. அது ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பமோ, கிலோவுக்குக் கிலோ, பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது, எஞ்சினை இன்னும் கடுமையாக அமுக்கி எரிக்க முடிகிறது. மெத்தனால் தீயைத் தண்ணீரால் அணைக்கலாம் என்பது நன்மை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பது கொடுமை.

இப்படிச் செதுக்கிய எஞ்சின் ஒன்றின் விலை 50,000 டாலரைத் தாண்டுகிறது. செலவு தாங்காதவர்களுக்காக 1992-ல் ஓக்லஹோமாவின் டல்சாவில் எம்மெட் ஹான் 360 கன அங்குல எஞ்சினுக்கென்று ஒரு தொடரைத் தொடங்கினார். நல்ல முயற்சி. ஆனால் போட்டி கூடக் கூட அந்த எஞ்சினும் விலை ஏறியது. கொள்ளளவை அளக்கலாம். எஞ்சின் கட்டுபவர் அதற்குள் செலவிடும் மணிநேரத்தை எந்த விதியும் அளக்க முடியாது.

கணினியால் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் கருவிக்குத் தடை உண்டு. அதனால் அறிவு முழுவதும் இரும்பிலும் ரப்பரிலும் போய் இறங்குகிறது. டீக்கடைக் கண்ணாடி டம்ளரைப் படுக்கவைத்து மேசையில் உருட்டினால் அது நேரே போகாது, சிறிய முனையை நடுவாக்கி வட்டமடிக்கும். ஸ்பிரின்ட் காரின் பின் அச்சு அப்படித்தான் வேலை செய்கிறது. இடது டயர் சிறியது, வலது டயர் பெரியது, சுற்றளவு வித்தியாசம் பல அங்குலம். இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் கார் தானாகவே இடப்பக்கம் திரும்பும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருப்பது ஓர் எஃகுத் தண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது அது முறுக்கி மீள்கிறது. தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். விட்டம் ஓர் அங்குலமுள்ள தண்டை எடுத்துவிட்டு அங்குலத்தில் ஆயிரத்துக்கு 25 பங்கு, அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தடித்த தண்டைச் செருகினால் விறைப்பு பத்து சதவீதம் ஏறிவிடும். கியர்பாக்ஸ் இல்லாத காருக்கு ஒரே கியர் விகிதம்தான். அதைத் தடத்துக்கேற்ப மாற்றப் பின் அச்சின் முதுகில் ஒரு மூடி இருக்கும். திறந்து, இரண்டு பல்சக்கரங்களை உருவி, வேறு இரண்டைச் செருகி மூடினால் சில நிமிடங்களில் வேறு கார். டெட் ஹாலிபிராண்ட் நாற்பதுகளில் பிரபலமாக்கிய இந்த ஏற்பாடு இன்றும் மாறாமல் தொடர்கிறது. இதைவிட எளிய, அழகான இயந்திர அமைப்பு மோட்டார் பந்தயத்தில் குறைவு.

எடைக்கு மேல்வரம்பு தேவையில்லை, கீழ்வரம்புதான் தேவை. வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸில் அது ஓட்டுநரோடு 1,425 பவுண்டு. இது இல்லையென்றால் ஒவ்வொரு பவுண்டைக் குறைக்கவும் யாராவது எதையாவது மெலிதாக்குவார்கள். முதலில் மெலிவது பந்தயத்தில் பயன்படாத, விபத்தில் மட்டும் பயன்படும் பாகம். கீழ்வரம்பு இருந்தால் நல்ல இருக்கையும் தடித்த குழாயும் யாருக்கும் நஷ்டமில்லை, எப்படியும் அந்த எடையைச் சுமந்தாக வேண்டும். இந்தப் புத்தகத்தில் மிகச் சிறந்த விதி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கூண்டு உறுதியானபின் ஆபத்து கூண்டுக்குள் இடம் மாறியது. உடல் வாரில் நிற்கிறது, தலை நிற்பதில்லை. எண்பதுகளில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் அவருடைய மைத்துனரும் பந்தய வீரருமான ஜிம் டவுனிங்கும் தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவியை உருவாக்கினார்கள். 2001-ல் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் டேட்டோனா பந்தயத்தில் இறக்கும்வரை பெரும்பாலோர் அதை அணியவில்லை. தலையின் இருபுறமும் அணைத்துக்கொள்ளும் இருக்கைகள் அதற்குப் பிறகு பரவின. 2014 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் கனன்டைக்குவா தடத்தில், விபத்துக்குப் பின் காரிலிருந்து இறங்கி நடந்த இளம் ஓட்டுநர் ஒருவர் இன்னொரு கார் மோதி இறந்தார். தீ இல்லையென்றால் உதவியாளர் வரும்வரை காருக்குள்ளேயே இரு என்ற விதி அதன்பின் பல அமைப்புகளில் எழுதப்பட்டது. கூண்டு கல்லறையாகும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். தடத்தில் மிகப் பாதுகாப்பான இடம் அதுதான் என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 2018-ல் நாக்ஸ்வில் தடத்தின் நேஷனல்ஸ் போட்டியை முன்பு வென்ற ஜேசன் ஜான்சனையும், அதே ஆண்டில் கிரெக் ஹாட்நெட்டையும் இந்தப் பந்தயம் பறிகொடுத்தது.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இறக்கையைச் சின்னதாக்கலாம் என்ற யோசனை வரும். அதில் ஒரு சிக்கல் உண்டு. இறக்கை அழுத்துவது மட்டுமில்லை, காற்றில் இழுக்கவும் செய்கிறது. சின்னதாக்கினால் வளைவில் வேகம் குறையும், ஆனால் நேர்ப்பாதையில் இழுவை குறைந்து, பிடிப்புள்ள தடத்தில் கார் முன்னிலும் வேகமாக வளைவின் வாயிலுக்கு வந்து சேரும். நசுங்கி அடி வாங்க வேண்டிய தகடும் சிறுத்துவிடும். யுசாக் இன்றும் இண்டியானாவில் இறக்கையே இல்லாத ஸ்பிரின்ட் கார்களை ஓட்டுகிறது. அங்கே அத்தனை குதிரைத்திறனையும் மண்ணில் இறக்க வழியில்லை. ஓட்டுநரின் வலது கால்தான் சக்கரத்தின் பிடிப்பை அளந்து அளந்து கொடுக்கிறது. சுற்று நேரம் கூடுதல். கார் கவிழ்ந்தாலோ தரையை முதலில் தொடுவது வெறும் கூண்டு.